சவரிநாதன் கடிகாரத்தின் நிறம்

சைகோன், 1935 மார்ச் 12

தங்கச்சி ரோசிக்கு அண்ணன் தாமஸ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதா தயவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் மாமியார் அமுதம்மாளும் உடம்பு சுகமாக இருக்கிறீர்களா? அவருடைய முழங்கால் வீக்கம் வடிந்ததா?

ஒரு செய்தி. உட்கார்ந்து படி. நவம்பர் புயலில் கவிழ்ந்த சுங்கப் படகில் இருந்த ஐந்து பேரில் மூன்று உடல்கள் அப்போதே கிடைத்தன. உன் வீட்டுக்காரர் சவரிநாதனும் இந்த ஊர்க்காரனான அன்னாமியப் படகோட்டி ஒருவனும் மட்டும் கிடைக்கவில்லை. போன வாரம் ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் ஒரு மனிதனின் உடல் அகப்பட்டிருக்கிறது. நாலு மாதம் கிடந்ததால் முகம் இல்லை. உடுப்பும் இற்றுப்போயிருந்தது. இடுப்புப் பக்கம் ஒரு பொன் கடிகாரம் இருந்திருக்கிறது. உடலைப் பெயரில்லாமல் புதைத்துவிட்டு, கடிகாரத்தைத் துறைமுகக் கச்சேரியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

போனேன். மேசைமேல் வைத்துக் காட்டினார்கள். மஞ்சளாக இருந்தது, நம் ஊர்க் காசுமாலை மாதிரி. சவரிநாதனுடையது, செம்புக் குடத்தைத் துலக்கி வைத்தாற்போல் சிவந்திருக்குமே. அளவும் மூடியும் அதே மாதிரிதான். ஆனால் அந்த மாதிரிக் கடிகாரம் இங்கே துரைமார் பலரிடம் உண்டு. உள்ளே நம்பர் வெட்டியிருக்கிறது. அவருடைய நம்பர் நம்மில் யாருக்குத் தெரியும்? நிறத்தைப் பார்த்து, 'இது என் மாப்பிள்ளையுடையது அல்ல' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதே புயலில் சீன வியாபாரிகளின் படகுகளும் முழுகின. அவர்களில் யாராவதாக இருக்கும்.

ஆகையால் மனதைத் தளரவிடாதே. மாமியாருக்கும் வாசித்துக் காட்டு.

அண்ணன்
தாமஸ்


வில்லியனூர், 1935 ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணனுக்கு ரோசி வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே இருவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அத்தையின் முழங்கால் அப்படியேதான். உங்களுக்குப் போன வருஷம் வந்த குளிர்க்காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

கடிதத்தை அத்தைக்கு இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை, "இன்னாடி எழுதியிருக்கான் உங்கண்ணன், நேரா சொல்லு" என்று அதட்டினார். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு, "எம்புள்ளை கடியாரம் செவப்பு. வெள்ளைக்காரன் செம்பைக் குடுத்து ஏமாத்திப்புட்டான்னு இந்த ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். இப்ப அந்தச் செம்புதான்டி அவன் உசுரைக் காப்பாத்திச்சு" என்றார். அன்றைக்கு நாலு மாதத்துக்குப் பிறகு மீன் வாங்கச் சொன்னார்.

உங்கள் மாப்பிள்ளை லீவில் வந்தபோது அந்தக் கடிகாரத்தை அப்பாவின் நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனது உங்களுக்கு எழுதியிருக்கிறேன். பிரான்சுக்குத் திரும்பின துரை தன் சட்டையிலிருந்து கழற்றிக் கொடுத்தது என்று அவருக்கு அத்தனை பெருமை. அப்பா கல்லில் உரைத்துப் பார்த்தார். "பொன்னு நல்ல பொன்னுதான் மாப்பிள்ளை. செம்பைக் கூடப் போட்டு வேணும்னே செவக்க வெச்சிருக்கான்" என்றார். அப்பா சாகும்வரை அதைப் பற்றிப் பேசினார். பொன்னைச் சிவக்க வைக்க ஒருவன் காசு வாங்குகிறான் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

கோவில் சாமியார், செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்தும பூசையை வைக்கலாமா என்று கேட்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தச் சிவப்புப் பொன் நாள்பட நிறம் மாறுமா? அங்கே நல்ல கடிகாரக் கடைக்காரர் யாரையாவது கேட்டு எழுதுங்கள். பூசை வைப்பதா, காத்திருப்பதா என்பது அதில் இருக்கிறது.

தங்கை
ரோசி


சைகோன், 1935 மே 6

ரோசிக்கு அண்ணன் எழுதுவது. காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்குகிறது. உங்கள் பக்கம் வெயில் கடுமை என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். மாமியாரை மத்தியானத்தில் வெளியே விடாதே.

பெரிய வீதியில் துரைமார் போகிற கடிகாரக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. கடையில் பழுதுக்கு வந்திருந்த இரண்டு மூன்று பழைய சிவப்புப் பொன் கடிகாரங்களை எடுத்து வைத்தார். ஒன்று அவருடைய தகப்பனார் காலத்தது. கை பட்டு, வியர்வை பட்டு, காற்றில் கிடந்தால் அந்தப் பொன் மேலும் அழுத்தமாகச் சிவக்கும் அல்லது கொஞ்சம் கறுக்கும், மஞ்சளாகத் திரும்பாது என்றார். நானே பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

வேறு சில சங்கதிகளும் சொன்னார். அதெல்லாம் தொழில் சங்கதி.

மாதா கோவில் திருவிழாவுக்கு இந்த வருஷம் கூட்டம் எப்படி?

தாமஸ்


வில்லியனூர், 1935 ஜூன் 3

அண்ணனுக்கு ரோசி எழுதுவது. சுகம் என்று எழுதினதில் சந்தோஷம். இங்கே அத்தைக்குச் சளி, வேறொன்றும் இல்லை. திருவிழாக் கூட்டம் வழக்கம்போல்தான். நான் தேர் பார்க்கப் போகவில்லை.

நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டு வருகிற சின்னபொண்ணு வந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அத்தை அவளையும் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு அவள், "மஞ்சளா மாறாதுன்னு சொல்லிட்டாரா? அப்ப வந்துடுவாரும்மா. எங்கூட்டுக்காரன் ஒரு புயல்ல போனான். அழுது முடிச்சு கருமாதிக்கு அரிசி ஊறப்போட்டேன். அவன் காரைக்கால்ல கரையேறி, அங்க ஒருத்தி கையால சோறு தின்னுக்கிட்டு இருக்கான். தொடப்பத்தோட போயி இட்டுக்கிட்டு வந்தேன்" என்றாள்.

"எம்புள்ளை அப்பிடிப்பட்டவன் இல்ல" என்றார் அத்தை.

"எங்கூட்டுக்காரனும் அப்பிடித்தான் இருந்தான்" என்றாள் அவள். அத்தை சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் அண்ணா. அவர் ஒருத்தி வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தால் நல்லது என்று அன்றைக்கு மனப்பூர்வமாக நினைத்தேன்.

காற்றிலும் வியர்வையிலும் மஞ்சளாகாது என்று எழுதினீர்கள். சரி. அந்தக் கடிகாரம் காற்றில் கிடக்கவில்லை, உப்புத் தண்ணீர்ச் சேற்றில் கிடந்தது. அதைக் கடைக்காரரிடம் சொன்னீர்களா? சேற்றிலிருந்து எடுத்தபோது அது என்ன நிறமாக இருந்தது? அந்தத் தொழில் சங்கதியையும் எழுதுங்கள்.

ரோசி


வில்லியனூர், 1935 ஜூலை 14

அண்ணனுக்கு. உங்கள் உடம்புக்கு என்னவோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு தபால் கப்பல் வந்து போய்விட்டது. உங்கள் கையெழுத்தில் ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பிரான்சு தேசத் திருநாள் என்று, ஊர்த் தலைவரான மேரின் கச்சேரியில் கொடி கட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் எழுதுகிறேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. என்ன நிறமாக வந்தது?

ரோசி


சைகோன், 1935 ஜூலை 30

ரோசிக்கு அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. என் கச்சேரியில் வேலை அதிகம். மாமியாரின் சளி நின்றதா?

கறுப்பாக வந்ததாம். நிலக்கரி மாதிரி. துறைமுகக் கச்சேரியில் இருக்கிறவன் திராவகத்தில் முக்கி எடுத்தபோது கறுப்புக் கழன்று மஞ்சள் தெரிந்ததாம். அதைத்தான் எனக்குக் காட்டினார்கள்.

இன்னொன்று. வருஷக் கடைசிக்குள் யாரும் அடையாளம் சொல்லாவிட்டால் அது உரிமையில்லாப் பொருளாக ஏலத்துக்குப் போகும். அந்தக் கல்லறையில் யார் பெயரும் வராது. அடையாளம் சொல்வதானால் மனைவி தன் ஊர் மேர் கச்சேரியில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். நான் ஏற்கெனவே இல்லை என்று சொன்னவன். இதைத் தகவலுக்காக எழுதுகிறேன். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்.

போன ஞாயிறு அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தேன். மேட்டுப் பக்கம், தண்ணீர் தேங்காத இடம்.

தாமஸ்


வில்லியனூர், 1935 ஆகஸ்ட் 22

அண்ணனுக்கு ரோசி எழுதிக்கொண்டது. இங்கே சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

பத்தர் வீட்டுப் பிள்ளைகள் நாம். இனி ஒளிக்க வேண்டாம்.

செம்பு தூக்கலாகிச் சிவந்துபோன நகையை இந்த ஊரில் யாரும் கையால் தொடமாட்டார்கள். அப்பா என்ன செய்வார்? நெருப்பில் காட்டுவார். மேலே இருக்கும் செம்பு கறுக்கும். கறுத்ததைப் புளித்தண்ணீரில் போடுவார். கறுப்பு கழலும்போது செம்பையும் கொண்டுபோகும். மேலே வெறும் பொன் நிற்கும், மஞ்சளாக. திரும்பக் காட்டுவார், திரும்பப் போடுவார். துருத்தி ஊதினது நீங்கள். புளி கரைத்தது நான். சேறு கறுக்க வைத்திருக்கிறது, கச்சேரித் திராவகம் அதைக் கழற்றியிருக்கிறது. அப்பா பட்டறையில் ஒரு பொழுதில் நடப்பது அங்கே நாலு மாதத்தில் நடந்திருக்கிறது. கடைக்காரரும் இதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்.

உங்கள் முதல் கடிதத்தில் மஞ்சள் என்ற சொல்லைப் படித்தபோதே எனக்குத் தெரியும். உங்களுக்கும் அந்த மேசை முன்னால் நின்றபோதே தெரிந்திருக்கும். நீங்கள் இல்லை என்று எழுதியதால், எனக்குத் தெரியாத காரணம் வேறு ஏதாவது இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரு காரணமாவது எழுதமாட்டீர்களா என்று பார்த்தேன். நீங்கள் மேட்டுப் பக்கம், தண்ணீர் தேங்காத இடம் என்று எழுதினீர்கள். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

அத்தையிடம் சொன்னேன். "புளித்தண்ணிக் கதையெல்லாம் உங்கப்பன் வூட்டுல வெச்சிக்கோ. தாலி கழட்ட இன்னாடி அவசரம் உனக்கு, எவனாவது காத்துக்கிட்டு இருக்கானா?" என்று கேட்டார். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அவரே, "அந்தக் கடியாரத்தை எங் கண்ணால பாக்கணும். பாத்தா நம்பறேன்" என்றார்.

நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர் பெயரை அந்தக் கல்லறையில் எழுதச் செய்யுங்கள். கடிகாரத்தை வாங்கி, வருகிறவர் யார் கையிலாவது கொடுத்து அனுப்புங்கள்.

ரோசி


வில்லியனூர், 1935 செப்டம்பர் 19

அண்ணனுக்கு. மழை தொடங்கிவிட்டது. அத்தைக்கும் எனக்கும் உடம்பு தேவலை. உங்கள் சுகத்துக்கு ஒரு வரி போடுங்கள்.

போன கடிதம் போட்ட மறுநாளே மேர் கச்சேரியில் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா அந்தக் காகிதத்தைப் பிரெஞ்சில் வாசித்தார். 'மோர்' என்ற இடத்தில் மட்டும் எனக்கு அர்த்தம் தெரிந்தது. செத்தவர் என்று.

போன கடிதத்தில் எழுத மறந்த ஒன்று. கடிகாரத்தை யாரும் துடைக்கக்கூட வேண்டாம். இருக்கிறபடியே வர வேண்டும். அப்பாவின் உரைகல் என்னிடம் இருக்கிறது. அத்தையை எதிரே உட்காரவைத்து, ஓரத்தில் இரண்டு இழுப்பு உரைத்தால் போதும். மேலே மஞ்சள், தோல் போனதும் சிவப்பு. சேற்றில் கிடந்ததும் அவர் பிள்ளையுடையதும் ஒன்றுதான் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். பிறகு அழுவார். அழட்டும். இத்தனை மாதமாக அவர் அழாமல் இருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குப் பூசை சொல்லியிருக்கிறேன். இருவரும் சேர்ந்து போக வேண்டும். அன்றைக்கே தாலியைக் கழற்றுவது என்று இருக்கிறேன். அத்தை கையால் கழற்றினால் எனக்கு ஆறுதல்.

ரோசி


சைகோன், 1935 அக்டோபர் 3

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. உன் ஆகஸ்ட் கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். நீ எழுதினது அத்தனையும் சரி. அன்றைக்கு மேசை முன்னால் என் வாய் இல்லை என்றுதான் சொல்லிற்று. அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

வில்லியனூர்க் காகிதம் வந்ததும் வேலைகள் மளமளவென்று நடந்தன. கல்லறைக்கு மரச்சிலுவை வைத்து, பெயரையும் ஊரையும் எழுதச் செய்தேன். கடிகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்திரம் துருவேறிப்போயிற்று. இனி ஓடாது என்றார் கடைக்காரர்.

நீ கேட்காத ஒன்றையும் செய்தேன். அந்த மஞ்சளோடு அதை உன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் கற்றது கொஞ்சம் கையில் இருக்கிறதே. கடைக்காரரிடம் இடம் கேட்டு, இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து நானே மெருகு போட்டேன். காகிதம் பருமன்கூட இல்லை அந்த மஞ்சள் தோல். அது போனதும் உள்ளே பழைய சிவப்பு. மாப்பிள்ளை லீவுக்குக் கப்பல் ஏறும்போது துறைமுகத்தில் எடுத்து மணி பார்த்தாரே, அதே நிறம். ஒரு புள்ளி மஞ்சள்கூட விடவில்லை. வேலையை முடித்துவிட்டு அங்கேயே அழுதேன்.

இங்கே வேலை பார்க்கிற பாகூர் உலகநாதன் லீவில் வருகிறார். நாளைக் கப்பல். அவர் கையில் கொடுத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் வைத்திருந்தபடியே உன்னிடம் வந்து சேரும்.

தாமஸ்


சைகோன், 1935 அக்டோபர் 15

ரோசி, உன் செப்டம்பர் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. உலகநாதன் புறப்பட்டுப் பத்து நாளுக்கு மேலாகிறது. கப்பல் இந்நேரம் கொழும்பைத் தாண்டியிருக்கும். தந்தி கொடுத்தும் பயன் இல்லை, என்ன என்று கொடுப்பது? மாமியாருக்கு நான் மெருகு போட்டேன் என்று இந்தக் கடிதத்தைக் காட்டிச் சொல். என் பெயரைச் சொல்லித் திட்டட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தாமஸ்


வில்லியனூர், 1935 நவம்பர் 6

அண்ணனுக்கு ரோசி எழுதுவது. இங்கே அத்தை சுகம். முழங்கால் வலிகூட இல்லை என்கிறார். நீங்கள் சுகந்தானே?

உலகநாதன் பாகூரில் சில நாள் தங்கிவிட்டு, உங்கள் கடிதத்தோடு அக்டோபர் கடைசியில் வந்தார். துணிமுடிச்சை அவிழ்க்குமுன் அத்தை வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திருப்பியும் பார்த்தார். "இதான்டி எம்புள்ளை கடியாரம்" என்றார்.

"ஆமாம் அத்தை, இதுதான் சேற்றில் கிடந்தது" என்றேன்.

"சேத்துல கெடந்தது மஞ்சள். நீதான வாசிச்ச? உங்கண்ணன் கையெழுத்துப் போட்டு எழுதினான். இது செவப்பு. அப்ப அது எவனோ ஒருத்தன், பாவம். இதை எம்புள்ளை குடுத்து அனுப்பியிருக்கான்."

உலகநாதன், "தாமஸ் அண்ணன்தாம்மா எங்கிட்ட குடுத்தாரு" என்றார். "அவங்கிட்ட யாரு குடுத்தா? அதைக் கேட்டியா நீ?" என்று அத்தை கேட்டார். உலகநாதன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

உரைகல்லை எடுத்துவந்து உரைத்துக் காட்டினேன். சிவப்புக் கோடு. இன்னொரு ஓரத்தில் உரைத்தேன், சிவப்புக் கோடு. "நல்லா தேய்டி, தட்டான் மவளே. மஞ்சள் வர்ற வரைக்கும் தேய்" என்று சிரித்தார். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை அண்ணா. மூடியின் கீல் இடுக்கில்கூடத் தேடினேன்.

இரண்டு நாள் கழித்து உங்கள் கடைசிக் கடிதமும் வந்தது. வாசித்துக் காட்டினேன். "முதல்ல அவந்து இல்லன்னு எழுதினான். அப்புறம் அவந்துதான்னு எழுதினான். இப்ப நான்தான் செவக்க வெச்சேன்னு எழுதறான். உங்கண்ணனுக்கு ஒரு சொல்லு கெடையாதாடி?" என்றார்.

கல்லறைத் திருநாள் காலையில் நான் பூசைக்குப் புறப்பட்டேன். அத்தை வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். "உசுரோட இருக்கறவனுக்குச் செத்த பூசை வெச்சா, வந்துக்கிட்டு இருக்கற வழியிலேயே செத்துப்புடுவான். தாண்டிக்கிட்டுப் போறதானா போ" என்றார். அவரைத் தாண்டிப் போக முடியாமல் இல்லை. நான் போகவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று சாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன். மணி அடித்து ஓய்கிறவரை இருவரும் அந்தப் படியிலேயே இருந்தோம். அங்கே சிலுவை வைத்தீர்கள், அது போதும். இங்கே அவருக்காக ஒரு ஜெபமும் சொல்லவில்லை.

தாலி கழுத்தில்தான் இருக்கிறது. மேர் கச்சேரிக் காகிதத்தில் நான் கைம்பெண், இந்த வீட்டில் இல்லை. கடிகாரத்தை அத்தை தன் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார். ஓடவில்லையே என்று ஒருநாள் திருகப் போனேன். "வெய்யி. அவன் வந்து திருகுவான்" என்று பிடுங்கிக்கொண்டார்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் மறக்காமல் ஆகஸ்ட் கடிதத்திலேயே எழுதியிருந்தால் துடைத்திருக்கமாட்டீர்கள். அப்படியே வந்திருந்தாலும் அத்தை வேறொன்று சொல்லியிருப்பாரோ என்னவோ. இனி அதைப் பற்றி நாம் எழுத வேண்டாம்.

பாகூர் பக்கத்திலிருந்து வண்டி வந்தால் அத்தை எழுந்து வாசலுக்குப் போகிறார். நேற்று மழையில் ஒரு வண்டி நம் தெருவில் நின்றது. நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அத்தைக்கு முந்தி வாசலில் போய் நின்றேன்.

குளிர் காலம், சாக்கிரதையாக இருங்கள்.

ரோசி